நிரம்ப மறுத்த குடங்கள்

வெள்ளாந்திட்டில் குடங்கள் தண்ணீர் பிடிக்க மறுத்தது வைகாசி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் காலையில். முதலில் மறுத்தது தையல்நாயகியின் நீலக் குடம்தான். அடிபம்பின் கீழே அதை வைத்து அவள் பதினைந்து அடி அடித்தும் உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை. குடத்தின் வாயில் விழுந்த தண்ணீர், மூடி போட்ட பாத்திரத்தின் மேல் விழுந்ததுபோல நாலு பக்கமும் வழிந்து மண்ணுக்குப் போனது. வாய் திறந்துதான் இருந்தது. கையை விட்டுப் பார்த்தாள், கை போனது. தண்ணீர்தான் போகவில்லை.

"தள்ளுக்கா, ஒங் குடத்துல என்னமோ அடைச்சிருக்கு" என்று பின்னால் நின்ற ராஜகுமாரி தன் பச்சைக் குடத்தை வைத்தாள். அதுவும் அப்படியே. அடுத்தவள் குடம், அதற்கடுத்தவள் குடம், பித்தளைக் குடம், எவர்சில்வர் தவலை எல்லாம் அப்படியே. சரி, பம்பில்தான் கோளாறு என்று பெண்கள் ஆற்றுக்குப் போய்க் குடங்களைத் தண்ணீருக்குள் அமுக்கினார்கள். அமுக்க அமுக்க அவை துள்ளி மேலே வந்தன, மேலே வந்து வாத்துக்கூட்டம் மாதிரி மிதந்தன, யார் கையை நீட்டினாலும் அந்தக் கையின் கீழே வந்து, பிடித்துக்கொள் என்பதுபோல நின்றன. அப்போதுதான் எல்லோருக்கும் முந்தின நாள் பாடம் ஞாபகம் வந்தது. எல்லோரும் திரும்பித் தையல்நாயகியைப் பார்த்தார்கள்.

வெள்ளாந்திட்டு கொள்ளிடத்தின் நடுவில் கிடக்கிற மேடு. அறுபத்து மூன்று வீடுகள், வெள்ளரிக்கொல்லைகள், கத்தரிப்பாத்திகள், மொட்டைமாடி வைத்த ஒரு பள்ளிக்கூடம். வருஷத்தில் ஒன்பது மாதம் மணலில் நடந்தே கரைக்குப் போய்விடலாம். மீதி மூன்று மாதம் ஆறு திட்டின் இரண்டு பக்கமும் போகும்; அப்போது கரைக்குப் போக ஒரே ஒரு படகு, அதுவும் வெள்ளம் சுழித்தால் கட்டிப்போட்டுவிடுவார்கள். தையல்நாயகியின் ஒரே மகள் சங்கவி இருபத்தோரு வயதில் அப்படியொரு வெள்ளத்தின் இரண்டாம் நாள்தான் போனாள். ஊரே பள்ளிக்கூட மாடியில் ஏறி நின்றிருந்தது, தண்ணீருக்குப் பயந்த பாம்புகளும் அதே மாடியில் ஏறியிருந்தன. விரியன் ஒன்று அவள் கெண்டைக்காலில் கொத்தியது. கரையில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அதன் சிவப்பு விளக்கு சுற்றுவதை மாடியிலிருந்து எல்லோரும் பார்த்தார்கள், சங்கவியும் பார்த்தாள். விடிகாலையில் கொத்தியது, மத்தியானம் வரை அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அது போயிடுமாம்மா?" என்று மட்டும் இரண்டு தடவை கேட்டாள். அது போகவில்லை. அவள்தான் போனாள்.

தண்ணீர் வடிந்ததும் திட்டு ஜனங்கள் கரைக்குப் போய் மெயின்ரோட்டில் உட்கார்ந்தார்கள். இரண்டு நாள் மறியல். கேட்டது ஒன்றுதான்: ஒரு பாலம். அதிகாரிகள் வந்தார்கள், கை கூப்பினார்கள், எழுதிக்கொண்டார்கள், அளந்தார்கள், சிவப்புச் சாயம் அடித்த முளைகளை மணலில் வரிசையாக அடித்துவிட்டுப் போனார்கள். ஒரு வருஷம் கழித்து, இன்னும் ஒரு மழைக்காலம் கழித்து, சந்தன நிறச் சட்டை போட்ட பயிற்சி அதிகாரி ஒருவர் அச்சடித்த புத்தகக் கட்டோடு வந்து இறங்கினார்.

"பாலத்துக்கு அனுமதி மேல இருக்கு. வர்றப்ப வரும். அதுக்கு நடுவுல இது" என்றார்.

புத்தகத்தின் அட்டையில் 'வீட்டுப் பொருள்களே நம் உயிர்த்தோழர்கள்' என்று போட்டிருந்தது. காலிக்குடத்தின் வாயை அடைத்தால் மிதவை. மூன்று புடவையைப் பின்னினால் வடம். கழற்றிய கதவு நோயாளியைத் தூக்கும் பலகை. உடைந்த காலுக்கு உலக்கை. அரிசிச் சாக்கில் மண்ணைப் போட்டால் கரைத்தடுப்பு. சாப்பாட்டுத் தட்டை வெயிலில் காட்டினால் அது தூரத்துக்குப் போகும் சைகை. குக்கர் விசில் அபாயச் சங்கு. அவர் பாதி வாசித்தார், பாதியைச் சுருக்கினார், கரையில் கடைசி பஸ்ஸைச் சொல்லிவிட்டு மத்தியானமே கிளம்பினார். கிளம்பும்போது, மகளிர் குழுத் தலைவி என்ற முறையில் தையல்நாயகியிடம் புத்தகத்தைக் கொடுத்து, "மிச்சத்தை நீங்களே ஒரு தடவை சொல்லிடுங்கம்மா" என்றார்.

அவள் ஒரு தடவை சொல்லவில்லை. அறுபத்து மூன்று வீட்டுக்கும் போனாள். ஒவ்வொரு வீட்டிலும் பாத்திரபண்டங்களை முற்றத்தில் எடுத்துவைக்கச் சொன்னாள், ஒவ்வொன்றையும் இரண்டு கையாலும் தூக்கினாள், பிறந்த பிள்ளையின் காதில் பேர் சொல்வதுபோல மூன்று மூன்று தடவை சொன்னாள்: நீ குடம் இல்ல, மிதவை. நீ கதவு இல்ல, பலகை. நீ புடவை இல்ல, வடம். பெண்கள் முதலில் வாயைப் பொத்திச் சிரித்தார்கள், பிறகு சிரிப்பதை விட்டார்கள், ஏனென்றால் அவள் குரல் சொல்லிக்கொடுக்கிற குரலாக இல்லை, யார் காலையோ பிடித்துக் கெஞ்சுகிற குரலாக இருந்தது. பொழுது சாயும் முன் கடைசி வீட்டின் கடைசிக் கரண்டிக்கும் சொல்லி முடித்தாள்.

மனுஷர்கள் அந்தப் பாடத்தை ஒரே ராத்திரியில் மறந்தார்கள். பொருள்கள் மறக்கவில்லை, அவ்வளவுதான் நடந்தது.

அதைப் பற்றித் திட்டில் யாரும் ரொம்ப யோசிக்கவும் இல்லை. எப்படி நடந்தது என்று யோசிக்க நேரம் ஏது, அடுத்த வேளைக்குக் கஞ்சி காய்ச்ச வேண்டுமே. தண்ணீரைத் தகர டின்னில் பிடித்தார்கள். சோற்றைத் தட்டில் போட்டால் தட்டு மெல்லச் சூரியன் இருக்கிற பக்கம் நிமிர்ந்து சோற்றையெல்லாம் மடியில் கொட்டியது. எனவே காலையில் மேற்கே பார்த்து உட்காரக் கூடாது, சாயங்காலம் கிழக்கே பார்த்து உட்காரக் கூடாது என்று பழகினார்கள், அதுவும் சரிவராமல் இலைக்கு மாறினார்கள். குக்கர் எவ்வளவு நேரம் அடுப்பில் இருந்தாலும் விசில் அடிக்கவில்லை, உள்ளே அரிசி கரியானது. சாக்கில் நெல்லைக் கொட்டினால் கீழ்த்தையல் தானாகப் பிரிந்து நெல் முழுவதும் தரையில் கிடந்தது, மண்ணைப் போட்டால் இறுகப் பிடித்துக்கொண்டது. புடவைகள்தான் பெரிய பாடுபடுத்தின. கட்டிக்கொண்டு நாலு அடி நடப்பதற்குள் கொசுவம் தானே முறுக்கிக்கொண்டு, முந்தானை பக்கத்தில் நிற்கிறவளின் முந்தானையைத் தேடிப் போய்ப் பின்னிக்கொண்டது. கோயில் வாசலில் பதினோரு பெண்கள் ஒரே வடமாகப் பின்னிக்கிடந்து, பிரித்தெடுக்க ஒரு மணி நேரமானது. அன்றிலிருந்து வெள்ளாந்திட்டுப் பெண்கள் நைட்டியோடு கோயிலுக்குப் போனார்கள், நைட்டியோடு சாவுக்குப் போனார்கள். நைட்டியைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கதவுகள் யாராவது முனகினால் கீலைவிட்டுக் கழன்று வந்து காலடியில் படுத்தன. அதனால் ஜனங்கள் முனகாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். தலைவலிக்காரர்கள் வெள்ளரிக்கொல்லைக்குப் போய் முனகிவிட்டு வந்தார்கள்.

வார்டு மெம்பர் மதியழகன் கரைக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். அதிகாரிகள் வந்து குடத்தில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள், தட்டைக் கிழக்கே காட்டிப் பார்த்தார்கள், ஒருவர் முனகியும் பார்த்தார். அவர்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. படகு இறங்குகிற இடத்தில் 'முன்மாதிரித் தயார்நிலைக் கிராமம்' என்று பச்சையில் ஒரு பலகை வைத்தார்கள். வேறு ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அந்த வருஷம் ஆற்றில் வெள்ளம் வரவில்லை. ஆடியில் வரவில்லை, ஐப்பசியிலும் வரவில்லை. முழங்கால் தண்ணீரில் குழந்தைகள் கெண்டை பிடித்தார்கள். தயாராகிவிட்ட பொருள்கள் வீட்டுக்கு வீடு மூலையில் விறைப்பாக நின்றன, ஜனங்கள் அவற்றைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

புதுப் பாத்திரம் வாங்கினார்கள். கரையில் சந்தைக்குப் போய் மண்சட்டியும் அலுமினியக் குண்டானும் வாங்கிவந்தார்கள். ஒன்பது நாள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பத்தாம் நாள் காலையில் தையல்நாயகி தெருவில் நின்று தன் ஆட்டை உரக்கக் கூப்பிட்டாள், "ஏ செவலே, வா வா" என்று, அவ்வளவுதான். நாலு தெருவிலும் புதுக் குண்டான்கள் கொதிக்கிற உலையைக் கவிழ்த்துவிட்டு உருண்டுபோய் ஆற்றோரம் நின்றன. அவளுடைய குரலே போதுமென்று அப்போதுதான் தெரிந்தது; என்ன சொல்கிறாள் என்பது முக்கியமில்லை.

மதியழகன் நாலு பேரோடு அவள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்காரன் கலியபெருமாள் பாயை எடுத்துப்போட்டான். பாயும் ஏதோ பாடம் படித்திருந்ததால் சுருண்டுகொண்டது, எனவே எல்லோரும் நின்றார்கள்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காத" என்றார் மதியழகன். "நீ நல்லதுக்குத்தான் செஞ்ச, யாரும் இல்லேங்கல. ஆனா பொழப்பு நடக்கணும்ல. கொஞ்ச நாளைக்கி நீ பேசாம இருந்தா நல்லாருக்கும்."

"எவ்ளோ நாளைக்கிண்ணே?"

அவள் கேட்டதற்கே அடுத்த வீட்டில் ஏதோ உருளுகிற சத்தம் கேட்டது. மதியழகன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அன்று முதல் தையல்நாயகி பேசவில்லை. ஆட்டைக் கைதட்டிக் கூப்பிட்டாள். கலியபெருமாளைத் தோளைத் தொட்டுக் கூப்பிட்டாள். கடைக்குப் போனால் வேண்டியதை விரலால் காட்டினாள். சீமந்தத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை, காதுகுத்துக்குக் கூப்பிடவில்லை. சாவு வீட்டுக்குப் போய் மூலையில் பழம்புடவைக் கிழிசலை வாயில் திணித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள், பாதியில் அந்தக் கிழிசலும் வாயைவிட்டு நழுவிப் பக்கத்துத் தூணில் முடிச்சுப் போட்டுக்கொண்டது. சொந்த மகளைப் பற்றிப் பேசக்கூட அவளால் முடியாமல் போனது. சங்கவி என்று வாய்க்குள் சொன்னால்கூட மாடத்தில் கவிழ்த்து வைத்திருந்த தம்ளர்கள் நடுங்கின.

பங்குனியில் ராஜகுமாரியின் மகள் மோனிஷாவைப் பெண் பார்க்க வந்தார்கள். ராஜகுமாரி பத்து நாள் முன்னாலிருந்து எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்தாள். புதுப் பட்டைக் கரையிலேயே வைத்து அங்கேயே கட்டிவிட்டு மகளை நடத்திக் கூட்டிவந்தாள். காப்பி டம்ளர்களைக் கோணிக்குள் பஞ்சு சுற்றிக் கொண்டுவந்தாள். தையல்நாயகி காலையிலிருந்து வாயில் துணியைக் கட்டிக்கொண்டு, தன் வீட்டின் உள் அறையில், இருமல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. ஆனால் மணலில் நடந்து களைத்துவந்த மாப்பிள்ளையின் அத்தை, வாசற்படியில் கால் வைத்ததும், "யம்மாடீ, முட்டி" என்று முனகிவிட்டாள். அவ்வளவுதான், வாசற்கதவு கழன்று அவள் முன்னால் மல்லாக்கப் படுத்தது. இரண்டு உலக்கைகள் ஓடிவந்து அவளுடைய இரண்டு காலுக்கும் பக்கத்தில் நிமிர்ந்து நின்றன. எதிர்வீட்டுக் கதவும், அதற்கடுத்த வீட்டுக் கதவும் உதவிக்கு வந்தன. மாப்பிள்ளை வீட்டார் காப்பி குடிக்காமல் எழுந்தார்கள்.

ராஜகுமாரி நேராகத் தையல்நாயகியின் வீட்டுக்கு வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது.

"இப்ப திருப்தியாக்கா ஒனக்கு? ஒம் பொண்ணுதான் போயிட்டா, எம் பொண்ணும் வீட்டோட கெடக்கணுமா?"

தையல்நாயகி வாயில் கட்டியிருந்த துணியை விரலால் காட்டினாள்.

"இன்னிக்கி கட்டிக்கிட்ட. அன்னிக்கி ஏன்க்கா தொறந்த? அந்த ஆளு பாதியில வுட்டுட்டுப் போனாருல்ல, நீயும் வுட வேண்டியதுதான? யாருக்கு அவ்ளோ அக்கறை, ஒனக்கு மட்டும்?"

தையல்நாயகி துணியை அவிழ்க்கவில்லை. ராஜகுமாரி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவள் அழுகைச் சத்தத்துக்கு அந்த வீட்டுக் கதவும் கழன்றுவந்து அவள் பக்கத்தில் படுத்தது. "சீ போ" என்று அதை உதைத்தாள்.

அடுத்த ஆடி மாதம், இருபத்தி மூன்றாம் தேதி, மத்தியானச் சோற்று வேளையில், பதினாலு மாதமாக வாயைத் திறக்காத அறுபத்து மூன்று குக்கர்களும் ஒரே நேரத்தில் விசில் அடித்தன. அடுப்பில் ஒன்றுகூட இல்லை. பரணில் கிடந்தது அடித்தது, ஆட்டுக்குக் கழுநீர் வைத்திருந்தது அடித்தது, வளையம் தொலைந்து குப்பையில் எறிந்ததும் அடித்தது. ஆறு அப்போது முழங்கால் அளவுதான் ஓடிக்கொண்டிருந்தது. மேலே எங்கோ அணைகள் நிரம்பி மதகுகளைத் தூக்கியிருந்தார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ, கரையோர மக்கள் பாதுகாப்பான இடத்துக்குச் செல்லவும் என்று சொல்லிக்கொண்டு வந்தது விசில் அடித்து ஒன்றரை மணி நேரம் கழித்து. அதற்குள் மண் சாக்குகள் பள்ளிக்கூடத்தைச் சுற்றித் தாங்களே அடுக்கி நின்றுவிட்டன, புடவைகள் பெட்டிகளிலிருந்தும் கொடிகளிலிருந்தும் கிளம்பி வந்து, கல்யாணப்பட்டும் சுங்குடியும் பழந்துணியும் பேதம் பார்க்காமல் மும்மூன்றாகப் பின்னி, ஆற்றோரத்தில் மலைப்பாம்பு மாதிரி சுருண்டு காத்துக் கிடந்தன.

கலியபெருமாள் வடத்தின் நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு, இரண்டு குடத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஏறிவரும் தண்ணீரில் நீந்திக் கரையின் புளியமரத்தில் கொண்டுபோய்க் கட்டினான். அதன் பிறகு கதவுகள் ஆற்றில் இறங்கின. ஒவ்வொரு கதவின் நாலு மூலையிலும் நாலு குடங்கள் போய் ஒட்டிக்கொண்டன. கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், சினையாடுகள், பசுக்கள், ரேஷன் கார்டுகள் வைத்த தகரப்பெட்டி எல்லாம் வடத்தைப் பிடித்துக் கதவு கதவாகப் போயின. தட்டுகள் பள்ளிக்கூட மாடியில் வரிசையாக நின்று வெயிலை வாங்கிக் கரைமேல் அடித்தன. அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் கரையூர் ஆட்கள் ஓடிவந்து வடத்தின் அந்தப் பக்கத்தைப் பிடித்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தையல்நாயகி கடைசி ஆளாகப் போவதற்காகப் படித்துறையில் நின்றாள்.

அப்போதுதான் மாடியிலிருந்து ராஜகுமாரி கத்தினாள். மாடியில் விட்டுவந்த துணிமூட்டையை எடுக்கப் போன மோனிஷாவைப் பாம்பு கொத்தியிருந்தது.

தையல்நாயகியின் வீட்டுக் கதவு ராஜகுமாரி கத்தி முடிக்கும் முன்பே மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தது. மோனிஷாவை அதில் கிடத்தி, உலக்கையைக் காலோடு சேர்த்துக் கட்டி, ஆற்றில் இறக்கினார்கள். ஒரு பக்கம் ராஜகுமாரி, ஒரு பக்கம் தையல்நாயகி, கழுத்தளவு தண்ணீரில் கதவைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தண்ணீர் இழுத்தது, சுழித்தது, மரக்கிளைகளைக் கொண்டுவந்து மோதியது. கதவு ஆடவில்லை. கரையில் ஆம்புலன்ஸ் நின்றது, அதன் விளக்கு சுற்றியது, அது பக்கத்தில் வந்தது, இன்னும் பக்கத்தில் வந்தது, கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. மோனிஷாவைத் தூக்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினார்கள். பள்ளிக்கூடத்து மாடியிலிருந்து அதுவரைக்கும் மொத்தம் கால் மணி நேரம் ஆகியிருந்தது. மூன்றாம் நாள் மோனிஷா எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டாள்.

ஆம்புலன்ஸ் போன பிறகு கலியபெருமாள் அந்த மரக்கதவின் பக்கத்தில் சேற்றில் உட்கார்ந்திருந்தான். நனைந்த கையால் அதைத் தடவிக்கொண்டே இருந்தான். தையல்நாயகி வந்து உட்கார்ந்தாள்.

"இந்தக் கதவு அன்னிக்கும் இருந்திச்சில்ல?" என்று கேட்டான்.

பல மாதத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசினாள். "இருந்திச்சு."

"நாலு கொடமும்?"

"இருந்திச்சு."

"பொடவைகூட…"

"எல்லாந்தான் இருந்திச்சுங்க."

அவன் கால் மணி நேரம் என்று மட்டும் ஒரு தடவை சொன்னான். பிறகு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இருநூற்று நாற்பத்தொரு பேரும் கரையில் ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைக்கப்பட்டார்கள். அதிகாரிகள் வந்தார்கள், பட்டியலை வாங்கிப் பெயர் பெயராகச் சரிபார்த்தார்கள், ஒரு பெயரும் குறையவில்லை. அறிக்கையில் 'உயிர்ச்சேதம் இல்லை' என்று எழுதினார்கள். திட்டில் வீடுகள் பாதி கரைந்துபோயிருந்தன, கொல்லைகள் மணல்மூடியிருந்தன, அது அறிக்கையின் வேறொரு பத்தியில் வந்தது. மதியழகன் தன் சட்டையை நீவிவிட்டுக்கொண்டு முன்னால் போய்ப் பாலத்தைப் பற்றிக் கேட்டார்.

பெரிய அதிகாரிக்கு உண்மையாகவே புரியவில்லை. "எதுக்குங்க பாலம்?" என்றார். "அதான் இருநூத்து நாப்பத்தொரு பேரும் வந்து சேந்துட்டீங்களே, அதுவும் ஒண்ணரை மணி நேரம் முன்னாடியே. பாலம் இருக்கிற ஊர்ல இப்படி வந்ததில்ல. நான் எழுதிட்டேன், வெள்ளாந்திட்டுக்குத் தேவை இல்லைன்னு. இல்லாதவங்களுக்குப் போகட்டுமே."

"இல்லாதவங்களுக்குப் போவுதுங்களா?"

"அவங்களுக்கும் முதல்ல இந்தப் பயிற்சிதான்" என்றார் அதிகாரி. "அந்தம்மா எங்க?"

கீழே நாலு திட்டுகள் இருந்தன. நாலும் பாலம் கேட்டுக்கொண்டிருந்தன. நாலுக்கும் போய்ச் சொல்லிக்கொடுக்கத் தையல்நாயகிக்கு ஒரு அடையாள அட்டையும் படகும் தருவதாகச் சொன்னார்கள். மண்டபத்தில் சாப்பாடு முடிந்து இலை எடுக்கிற நேரத்தில் ஊர் கூடிப் பேசியது. ராஜகுமாரிதான் முதலில் அவள் கையைப் பிடித்தாள்.

"போவாதக்கா. எம் பொண்ணு உசுரு ஒன்னாலதான், கால்ல வேணாலும் வுழுவுறேன். ஆனா நீ போனா அவங்களுக்கும் பாலம் வராது, நம்ம மாதிரி டின்னுல கஞ்சி குடிச்சிக்கிட்டு, நைட்டியோட நிப்பாளுவ." சொல்லிவிட்டு உடனேயே, "போவாம இருந்தா எவ பொண்ணோ…" என்று ஆரம்பித்து, அதையும் முடிக்காமல் கையை விட்டாள்.

கலியபெருமாள் தூணில் சாய்ந்திருந்தான். அவன் யாரையும் பார்க்காமல் பேசினான்.

"நீ ஒரு வார்த்த சொல்லாத, தையலு. சாவட்டும் நாலு பேரு. செத்தாத்தான் அவனுவளுக்கு ஒறைக்கும். அப்பதான் பாலம் வரும்."

"நம்ம புள்ள செத்தாளே. வந்திச்சா?"

மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டுகள் எங்கோ குலுங்கின. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

கருவேலந்திட்டுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டவர் அதே சந்தன நிறச் சட்டைக்காரர்தான். எண்பது வீட்டுப் பாத்திரமும் பள்ளிக்கூட வாசலில் பளபளவென்று வரிசையாக இருந்தன. அவர் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கைபேசியைப் பார்த்துவிட்டு, வேறு வேலையாகக் கரைக்குப் போனார். முன்னமே சொல்லியனுப்பியபடி நைட்டியில் வந்திருந்த பெண்கள் தையல்நாயகியின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் வாயைத் திறக்கவில்லை. எழுந்து, எல்லோரையும் கைகாட்டி அழைத்துக்கொண்டு, பாத்திரங்களுக்குக் காது கேட்காத தூரத்துக்கு, ஆற்றுமணலின் கடைசிவரைக்கும் நடந்தாள். அங்கே நின்று, பழக்கமில்லாத தொண்டையால், நடந்த எல்லாவற்றையும் சொன்னாள். குடம் நிரம்பாததைச் சொன்னாள், தட்டு கவிழ்ந்ததைச் சொன்னாள், பெண் பார்க்க வந்தவர்கள் திரும்பிப் போனதைச் சொன்னாள், மோனிஷா இட்லி சாப்பிட்டதைச் சொன்னாள், சங்கவியையும் சொன்னாள். கடைசியில், "நான் சொல்லிக்குடுத்தா ஒங்களுக்குப் பாலம் கெடையாது. அதையும் தெரிஞ்சிக்கிட்டு முடிவு பண்ணுங்க" என்றாள்.

பெண்கள் கத்தினார்கள். ஏமாற்றுவேலை என்றாள் ஒருத்தி. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகலாம், மறியல் பண்ணலாம் என்றாள் இன்னொருத்தி. எல்லாம் அடங்கிய பிறகு ஜெயக்கொடி என்பவள், இடுப்பில் தூங்குகிற பெண்குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி எப்ப வரும்க்கா?"

"தெரியாது."

"பாலம் எப்ப வரும்?"

"அது தெரியும்" என்றாள் தையல்நாயகி.

ஜெயக்கொடி குழந்தையின் தலையைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். "சரி" என்றாள். "ஆனா இப்ப வேணாம். ஒரு வேள ஆக்கித் தின்னுட்டு வந்துடுறோம்."

எல்லோரும் திரும்பி நடந்து, வரிசையில் வைத்திருந்த பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். குடங்களில் தண்ணீர் பிடித்தார்கள், குக்கரில் பருப்பு வைத்தார்கள், எண்பது வீட்டிலும் விசில் கேட்டது. பெட்டியில் கிடந்த நல்ல புடவையைச் சிலர் எடுத்துக் கட்டிக்கொண்டார்கள். ஜெயக்கொடி தன் வீட்டில் தையல்நாயகியை உட்காரவைத்து, எவர்சில்வர் தட்டில் சுடச்சுடச் சோறு போட்டு, முருங்கைக்காய்ச் சாம்பார் ஊற்றினாள். தட்டு அசையாமல் இருந்தது. அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் என்று கேட்கத் தோன்றியபோதும் கேட்காமல், கையால் மட்டும் காட்டினாள். பெண்கள் யாரும் அவசரப்படவில்லை. கடைசிப் பருக்கைவரை வழித்துச் சாப்பிட்டார்கள், குழந்தைகளுக்கு இரண்டாம் தடவை போட்டார்கள், மிச்சமிருந்ததை அப்படியே விட மனமில்லாமல் திரும்பத் திரும்பப் பரிமாறிக்கொண்டார்கள்.

வெயில் சாய்ந்தபோது ஜெயக்கொடி அந்தத் தட்டை எடுத்துச் சாம்பல் போட்டு விளக்கினாள். இரண்டு தடவை கழுவினாள். முந்தானையால் ஈரம் போகத் துடைத்தாள், துடைத்த பிறகும் கொஞ்ச நேரம் மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு கொண்டுவந்து தையல்நாயகியின் முன்னால் வைத்தாள்.

"சொல்லுங்கக்கா" என்றாள்.